நடுராத்திரியில் கண்ணீர் அஞ்சலி: தர்மபுரியில் ஒரு போஸ்டர் கடை

பிரியாணிக் கடைக்கு ரிவ்யூ எழுதுகிறோம், செல்போன் கவருக்குக்கூட எழுதுகிறோம், சாவு போஸ்டர் அடிக்கிற கடைக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. தேவைப்படும் நேரத்தில் அதையெல்லாம் தேடிப் படிக்கிற நிலையில் யாரும் இருப்பதில்லை, வேலை முடிந்த பிறகு அந்தக் கடைப் பக்கம் திரும்பவும் பிடிப்பதில்லை. நான் அந்தக் கடைக்கு ஒரு வருஷத்தில் மூன்று தடவை போய்விட்டேன், அதில் ஒரு தடவை சண்டை போடுவதற்காகவே போனேன், அதனால் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. கடைக்காரரே வேண்டாம் என்றார் ("சாவுக்கு என்னங்க விளம்பரம், விடுங்க"), அதுபோக நான் குறையும் சொல்லப்போகிறேன். தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். கீழே ஜெராக்ஸ், மாடியில் இவர்கள். படிக்கட்டில் விளக்கு இல்லை, டார்ச் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இறந்தவர் என் சின்ன மாமா. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், இரண்டு ஏக்கர் மல்பெரி, வீட்டை ஒட்டி ஒரு புழு ஷெட். பட்டுப்புழு வளர்ப்பவர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. புழு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டால் ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. போட்ட தழை போட்ட வேகத்தில் காணாமல் போகும். ராத்திரி ஷெட்டுக்கு வெளியே நின்றால் உள்ளே மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும், ஆயிரக்கணக்கான வாய்கள் இலையைக் கடிக்கிற சத்தம். அப்புறம் வாசனை ஆகாது. பவுடர், சென்ட், கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, புகையிலை ஆகவே ஆகாது. மாமா பீடி குடிப்பவர். ஷெட்டுக்கு வெளியே ஓட்டுக்கு அடியில் ஒரு இடுக்கு, அதில் ஒரு தகர டப்பா, அதற்குள் பீடிக்கட்டு. ரோட்டு வரை நடந்து போய்க் குடித்துவிட்டு வந்து, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே போவார். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கையால்தான் என் தலையைத் தடவுவார். எனக்கு மாமா என்றால் பிளீச்சிங் பவுடர் வாசனைதான், ரயில்வே ஸ்டேஷன் கழிப்பறையில் போய் நின்றால்கூட ஒரு நொடி அவர் ஞாபகம் வரும், சொல்லிக்கொள்கிற மாதிரி ஞாபகம் இல்லை என்றாலும் உண்மை அதுதான்.

அன்றைக்கு ராத்திரித் தழை போட்டுவிட்டு (விடியும் வரை தாங்க வேண்டும் என்று அதைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுவார்கள்) திண்ணைக் கட்டிலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. நான் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாக வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். திண்ணையில் மாமாவைக் கிடத்தியிருந்தார்கள், அத்தை கால்மாட்டில், என் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஷெட்டுக்குள்ளிருந்து அந்த மழைச் சத்தம்.

கிராமத்தில் படித்தவனுக்கு என்று ஒரு வேலை ஒதுக்கப்படும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் எம்.ஏ. தமிழ். பார்ப்பது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. "போஸ்டர் நீ பாத்துக்கப்பா, நீதான் தமிழு படிச்சவன்" என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். மச்சான், அதாவது மாமாவின் மகன், பைக்கை எடுத்தான். அப்பா செத்த ராத்திரியில் அவனை வண்டி ஓட்ட விட்டது தப்புதான், ஆனால் வீட்டில் உட்கார அவனால் முடியவில்லை.

கடையைப் பற்றி முதல் நல்ல விஷயம், ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் எடுக்கிறார்கள். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்து, யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று மூன்றே கேள்வி. "எடுக்கிறது" என்றால் பிணம் எடுக்கிற நேரம். போட்டோ இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வாருங்கள், வருவதற்குள் முகத்தை வெட்டி வைத்துவிடுகிறேன் என்றார். மாமாவுக்குத் தனிப் போட்டோ எதுவும் இல்லை. ஒரு கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது எடுத்த படம்தான் கிடைத்தது, வாயில் சோறு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சோறு காணாமல் போயிருந்தது, சட்டை வெள்ளையாகியிருந்தது, பின்னால் நீல வானமும் இரண்டு புறாக்களும் வந்திருந்தன. புறா வேண்டாம் என்றேன், எடுத்துவிட்டார். எல்லாக் கடையிலும் கேட்டவுடன் எடுக்க மாட்டார்கள்.

கடைக்காரருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அச்சுக் கோத்தவர், ஈய எழுத்து பொறுக்கிப் பொறுக்கி வலது கைக் கட்டைவிரல் நகம் தேய்ந்து போயிருக்கிறது. டைப் அடிக்க ஒரு அக்கா இருக்கிறார், பகலில் மட்டும். ராத்திரிச் சாவுக்கெல்லாம் இவரே. மேஜை மேல் ஒரு நீள நோட்டு, இருநூறு பக்கம், அட்டை போய் காலண்டர் தாளால் மேலட்டை போட்டிருக்கிறார். கடையின் முக்கியமான சரக்கு அதுதான். அஞ்சலி வரிகள், உறவு வாரியாக: அப்பா, அம்மா, கணவர், மனைவி, அண்ணன், இள வயது, விபத்து, கைக்குழந்தை. ஒவ்வொன்றுக்கும் நம்பர். ஹோட்டல் மெனு மாதிரி விரலை வைத்துக் காட்டினால் போதும். "அப்பான்னா நிறைய பேரு பதினாலாம் நம்பர்தான் கேப்பாங்க" என்றார். பதினாலாம் நம்பர் இது:

ஆலமரம் சாய்ந்ததே, அடிநிழலும் போனதே,
காலமெல்லாம் காத்தவரே, கண்மூடிப் போனீரே.

எதுகை சரியாக இருக்கிறது, படித்தால் நாக்கில் நிற்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு வட்டிக்கடைக்காரர் செத்தபோதும் இதுதான் ஒட்டியிருந்தது, ஊரில் பாதிப் பேர் அந்த ஆலமரம் சாய்ந்ததற்குப் பொங்கல் வைக்காத குறை.

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டே நின்றேன். ஒன்றும் பிடிக்கவில்லை, எழுதவும் வரவில்லை. இரண்டு வருஷம் சங்க இலக்கியம் படித்தவன், நாலு வரி வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல எது அப்படியே கெடக்குது?"

மச்சான் அதுவரை அழவில்லை. "புழு சாப்பிட்டுக்கிட்டிருக்குதுங்க" என்றான். "அப்பா போட்ட தழைங்க. காலையில நான்தான் போடணும், எனக்கு எவ்வளவு போடறதுன்னே தெரியாதுங்க." அப்புறம்தான் அழுதான், அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நன்றாக, சத்தமாக. கடைக்காரர் அவனைத் தேற்றவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் திரையில் இது இருந்தது:

வெளியில் மழை இல்லை, ஷெட்டுக்குள் மழைச் சத்தம்.
ராத்திரி நீங்கள் போட்ட தழை
இன்னும் தீரவில்லை.

எனக்கு முதுகில் சில்லென்றது. ஆனால் படித்த புத்தி சும்மா இருக்குமா? நாலாவது வரி ஒன்று போட்டால் முடியும் என்று தோன்றி, "தழை தீரும் முன்னே தாங்கள் தீர்ந்தீரே" என்று சொன்னேன். அவர் அடித்தார், படித்துப் பார்த்தார், அழித்துவிட்டார். "அது படிக்கிறவனே சொல்லிக்குவான் சார். நாம சொன்னா அவனுக்கு வேலை இல்லாமப் போயிடும்."

இந்த இடத்தில் கடையை விட்டுக் கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்ப வந்துவிடுவேன்.

தர்மபுரிதான் பழைய தகடூர் என்பதும், அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் என்பதும், அவன் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்ததும் இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதியமான்கோட்டையில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோட்டமே கட்டி வைத்திருக்கிறது அரசாங்கம். நெல்லிக்கனியோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். சாகாமல் இருக்கட்டும் என்று கனியைக் கொடுத்தவன் மார்பில் வேல் பாய்ந்து செத்துப்போனான், வாங்கிச் சாப்பிட்டவள் உயிரோடு இருந்து அவனுக்கு அஞ்சலி எழுதினாள். அந்த அஞ்சலிகள் புறநானூற்றில் இருக்கின்றன: 231, 232, 235. கையறுநிலை என்று துறை. கை அற்றுப்போன நிலை, செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலை. ஒரே சாவுக்கு ஒரே ஆள் எழுதிய மூன்று டிராஃப்ட் மாதிரி அவற்றைப் படிக்கலாம், நான் அப்படித்தான் இப்போது படிக்கிறேன்.

231, என் அபிப்பிராயத்தில், போஸ்டர். சிதையின் நெருப்பு அவன் உடம்பை நெருங்கினால் நெருங்கட்டும், நெருங்காமல் வானம் வரை வளர்ந்தால் வளரட்டும், நிலா மாதிரி வெண்குடை பிடித்த, சூரியனைப் போன்ற அவன் புகழ் அழியாது. அழகுதான், அந்தத் தீ வரி பயங்கரமானது. ஆனால் கடைசியில் "புகழ் மாயலவே" என்று வந்து நிற்கும்போது எனக்குப் பதினாலாம் நம்பர் ஞாபகம் வருகிறது. எந்த ராஜாவுக்கும் போட்டுக்கொள்ளலாம். தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

235 அப்படி இல்லை. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நான் பாட, மிச்சத்தைத் தானும் குடிப்பான். எலும்போடு கறி இருக்கிற இடமெல்லாம் எனக்கு, அம்பும் வேலும் வருகிற இடமெல்லாம் தான் நிற்பான். நரந்தம் மணக்கிற தன் கையால், புலால் நாறுகிற என் தலையைத் தடவிக் கொடுப்பான். ராஜாவைப் பற்றிய பாட்டில் எங்கே ராஜா? வீரம் ஒரு வரியோடு சரி. மீதியெல்லாம் கள்ளும் சோறும் கறியும் கையும். எம்.ஏ. பரீட்சையில் இந்தப் பாட்டுக்கு இரண்டு பக்கம் எழுதிப் பாஸ் ஆனவன் நான். "நரந்தம் நாறும் தன் கையால்" என்ற வரி எனக்குப் புரிந்தது அந்த மாடிப்படியில் இறங்கும்போதுதான், பிளீச்சிங் பவுடர் வழியாக.

பாட்டின் முதல் பாதியில் ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் "மன்னே, மன்னே" என்று வரும். "மன்" ஒரு இடைச்சொல், அதற்கு மூன்று வேலை என்கிறது தொல்காப்பியம்: கழிவு, ஆக்கம், ஒழியிசை. கழிவு என்றால் அது போய்விட்டது, இனி இல்லை. ஒழியிசை என்றால் சொல்லாமல் விட்ட மீதியைக் கேட்பவனே சேர்த்துக்கொள்வது. கழிவுக்கு உதாரணமாக உரைகாரர்கள் எடுத்துக் காட்டுவதே இந்தப் பாட்டின் முதல் அடியைத்தான். "ஈயும் மன்னே" என்றால் கொடுப்பான், கொடுத்தான், இனிமேல் கொடுக்க மாட்டான், எல்லாம் அந்த ஒரு சின்னச் சொல்லுக்குள். செத்துவிட்டான் என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. என்னுடைய நாலாவது வரியைக் கடைக்காரர் ஏன் அழித்தார் என்பது அப்போது புரிந்தது. அவர் தொல்காப்பியம் படித்ததில்லை, கேட்டுவிட்டேன்.

துக்கத்துக்குக் கவிதை ஏதோ அர்த்தம் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அந்த "அர்த்தம்" என்ற வார்த்தையிலேயே சந்தேகம். மாமா ஏன் செத்தார் என்பதற்கு அந்த மூன்று வரியில் பதில் இல்லை, அவ்வையிடமும் இல்லை. "ஆசாகு எந்தை யாண்டுளன் கொல்லோ", எங்களுக்குப் பற்றாக இருந்தவன் எங்கே இருக்கிறானோ என்று அவள் கேட்கிறாள், கேட்டதோடு சரி. சிவலோகம், வைகுண்டம், நட்சத்திரம் என்று எங்கேயும் அவனைக் கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை. அவள் செய்வதெல்லாம் இழப்பின் கணக்கைச் சரியாக எழுதுவதுதான். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் சோற்றுப் பாத்திரத்தைத் துளைத்து, கேட்டு நீட்டிய கைகளுக்குள் புகுந்து, அவன் சுற்றத்தாரின் கண்களை ஒளி மங்க வைத்து, கடைசியில் புலவர்களின் நாக்கில் போய் விழுந்ததாம். ஒரு வேல், இத்தனை பேருக்குக் காயம். மாமாவுக்கு வந்த மாரடைப்பு மச்சானின் கையில் வந்து விழுந்தது, காலையில் எவ்வளவு தழை போடுவது என்று தெரியாத கையில்.

சரி, கடைக்கு வருகிறேன்.

நூறு போஸ்டர், ஏ3 அளவு, கலர், 1,800 ரூபாய். ஃபிளெக்ஸ் ஆறுக்கு நாலு, சதுர அடிக்கு 15 ரூபாய் கணக்கில் 360. ஒட்டுக்கூலி தனி, ஒட்டுகிற ஆளின் நம்பரை அவர்களே தருகிறார்கள். பேரம் பேச முடியாது, அந்த நேரத்தில் யார் பேசுவார்கள், ஆனால் பிறகு விசாரித்ததில் நியாயமான விலைதான். விடிகாலை ஆறு மணிக்குத் தருவதாகச் சொன்னது ஏழரைக்குத்தான் வந்தது. கரண்ட் போய்விட்டது என்றார்கள், போயிருக்கலாம்.

பெரிய குறை: தோற்றம் 1963 என்பது 1936 என்று அச்சாகியிருந்தது. மாமாவுக்கு ஒரே ராத்திரியில் இருபத்தேழு வயசு கூடிவிட்டது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இப்படி நடந்திருக்காது என்று கடைக்காரரே தலையில் அடித்துக்கொண்டார், எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் படித்த கண்ணுக்கு நேராகப் பார்த்தால் தெரியவில்லையாம். துண்டுத் தாளில் சரியான வருஷத்தை அடித்து நூறு போஸ்டரிலும் மேலே ஒட்டிக் கொடுத்தார். பணம் குறைக்கவில்லை. ரத்தக் கொதிப்போடு இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் குறைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பிரச்சினை எங்கள் வீட்டிலேயே. பெரிய மாமா போஸ்டரைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, புழு தின்னுது, தழை தீரலைன்னு. சாவு போஸ்டரா, வேளாண்மைத் துறை நோட்டீஸா?" என்றார். இது நடக்கும் என்று கடைக்காரருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. "எதுக்கும் எழுபத்தஞ்சு பதினாலாம் நம்பர் போட்டு எடுத்துக்குங்க, இருபத்தஞ்சு மட்டும் இதுல" என்று ராத்திரியே பிரித்துத்தான் அடித்திருந்தார். உறவுக்காரர்கள் ஊருக்கெல்லாம் ஆலமரம் போனது. இந்த இருபத்தைந்தை எங்கே ஒட்டுவது என்று பார்த்து, பால் சொசைட்டி, டீக்கடை, பஸ் ஸ்டாப், மீதியைத் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிப் பக்கம் ஒட்டச் சொன்னோம். மாமா கூடு கொண்டுபோய் ஏலத்துக்கு வைக்கிற இடம் அது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். போஸ்டர் முன்னால் ஒரு பெரியவர் தலையில் துண்டோடு நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான் சொந்தக்காரன் என்று தெரிந்ததும் ஆழ்ந்த அனுதாபம் எல்லாம் சொல்லவில்லை. "எத்தனை முட்டை வெச்சிருந்தாரு?" என்று கேட்டார். இருநூறு என்றேன் (இங்கே ஒரு முட்டை என்றால் ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டைகள் மொத்தமும்). "கூடு கட்டிடுச்சா?" கட்டிடுச்சுங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து தழை போட்டார் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கவிதைக்கு அதைவிட நல்ல வாசகர் கிடைப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. எம்.ஏ. வகுப்பில் முப்பது பேர் இருந்தோம், அதியமான் போன பிறகு அந்தப் பாணர்கள் சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இதே கடையில் கல்யாண வாழ்த்து மடலும் எழுதித் தருகிறார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டம் போட்டுக் கொடுத்து மேடையில் மைக் பிடித்துப் படிப்பார்களே, அது. அதை மட்டும் இங்கே வாங்காதீர்கள். இரண்டாவது தடவை போனபோது அந்த நோட்டையும் புரட்டினேன், மன்மதன், ரதி, பால், தேன், நிலா, அவ்வளவுதான். உருப்படியாக ஒன்று இருந்தது, "செம்புலப் பெயல்நீர் போல" என்று, அது குறுந்தொகை நாற்பதாவது பாட்டு, இவர் எழுதியதில்லை. அதுவும் இப்போது எல்லா ஃபிளெக்ஸிலும் வந்துவிட்டது. ஒரு மாப்பிள்ளை "செம்புலம்னா எந்த ஏரியாங்க?" என்று கேட்டாராம். தர்மபுரி மாவட்டத்தில் செம்மண் நிலத்தில் நின்றுகொண்டே கேட்டிருப்பார். காதலுக்கு ஏன் உங்களுக்கு வரி வரமாட்டேன் என்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "கல்யாணத்துக்கு வர்றவங்ககிட்ட என்ன கேக்கறதுன்னு தெரியல சார். பொண்ணும் பையனும் இன்னும் ஒண்ணா இருந்தே பாக்கல. சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார். முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணமான புதிதில் எழுதச் சொல்லியிருந்தால் ரதி மன்மதன்தான் வந்திருக்கும். முப்பத்து மூன்று வருஷம் கழித்துத்தான், மாமா ஷெட்டிலிருந்து வரும்போது வாசலில் பிளீச்சிங் தண்ணீரை ஒரு மக்கில் அத்தை எடுத்து வைத்திருப்பார் என்பதெல்லாம் எழுதக் கிடைக்கும்.

அந்த இரண்டாவது தடவைதான் சண்டைக்குப் போனது. மாமா இறந்து எட்டு மாசம் இருக்கும். பாலக்கோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி, யாரோ ஒரு தக்காளி விவசாயி, என் வயசுக்காரர்தான். அதன் கீழே:

வெயில் ஏறிவிட்டது, வரப்பில் ஆள் இல்லை.
நேற்று நீங்கள் பாய்ச்சிய தண்ணீர்
இன்னும் காயவில்லை.

ஓரத்தில் பொடி எழுத்தில் இதே கடையின் நம்பர். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? மாமாவின் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அடுத்த பஸ்ஸில் நேராகத் தர்மபுரி. மாடி ஏறி, மூச்சு வாங்க, "அது எங்க மாமாவுக்கு எழுதினதுங்க" என்றேன். அவர் மறுக்கவில்லை. நீள நோட்டை எடுத்து, பக்கம் திருப்பிக் காட்டினார். எங்களுடையதற்கு இப்போது நம்பர் 61. பக்கத்திலேயே பென்சிலில் "தழை / தண்ணி / பால் / நூல்" என்று எழுதி வைத்திருந்தார். தறிக்காரர் செத்தால் நூல், மாட்டுக்காரர் செத்தால் பால்.

"அந்தப் பையனோட சம்சாரம் வந்துச்சு. எது அப்படியே கெடக்குதுன்னு கேட்டேன், பாத்தியில தண்ணி நிக்குதுங்கண்ணான்னுச்சு. நான் என்ன பண்ணட்டும், அதுவா வந்து உங்க மாமாகிட்ட உக்காந்துக்கிச்சு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் இதை ஒரு குறையாகத்தான் வைக்கிறேன், ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததைக் கேட்காமல் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது சரியில்லை, அட்லீஸ்ட் ஒரு போன் செய்திருக்கலாம். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது இன்னொன்றும் குடைந்தது: "காயவில்லை" என்பது "தீரவில்லை"யை விட நல்ல சொல். ஈரம் இருக்கிறது அதில். செம்புலப் பெயல்நீர் பாடியவரின் சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது, அந்த உவமையை வைத்தே செம்புலப் பெயனீரார் என்று பெயர் கட்டிவிட்டார்கள். ஆள் போய்விட்டார், மழைத் தண்ணீர் இருக்கிறது. அவரிடமும் யாரும் கேட்டுக்கொண்டு எடுத்து ஃபிளெக்ஸில் போடவில்லை. இப்படியெல்லாம் யோசித்துக் கோபத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்தேன், பாதி குறைந்தது.

மூன்றாவது தடவை போன மாசம், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி கார்டுக்கு. இந்த முறை பகலில் போனதால் பேச நேரம் இருந்தது. புறநானூறு 1894-இல்தான் முதன்முதலாக அச்சுக்கு வந்தது, உ.வே.சாமிநாதையர் ஏட்டைத் தேடித் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தார், அதுவரைக்கும் அவ்வை எழுதிய அஞ்சலி ஓலையில்தான் கிடந்தது என்று சொன்னேன். "அதையும் யாரோ ஒரு கம்பாசிட்டர்தான் எழுத்து பொறுக்கிக் கோத்திருப்பான்" என்றார் உடனே. எனக்கு இது தோன்றியதே இல்லை. "சிறியகள் பெறினே" என்று ஒவ்வொரு எழுத்தாக, தலைகீழாக, ஈயத்தில்.

232-ஐயும் சொன்னேன். அவன் இல்லாத காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும், எனக்கு வாழ்நாளே வேண்டாம். நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா? அவர் சிரித்தார். "போஸ்டர் ஒட்டறதையே கேக்கற மாதிரி இருக்குதே" என்றார். அப்படித்தான் இருக்கிறது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள், செத்த வீரனின் உருவமும் கூடவே நாலு வரியும், இந்தப் பக்கத்து மலைக்காட்டு ஊர்களில் இன்னும் வயலில் நிற்கின்றன. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாட்டைக் காத்துச் செத்தவனோடு ஒரு நாயையும் அதில் செதுக்கி, அந்த நாயின் பெயர் கோவிவன், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜாவின் பட்டப்பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறது, மனசில் நிற்பது நாய்தான். அந்தக் கல்தச்சனும் போய்க் கேட்டிருப்பானோ, எது அப்படியே கெடக்குது என்று?

கார்டுக்கு என்ன வரி என்று வந்தபோது, 61-ஆம் நம்பரையே போட்டுவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். "அது அன்னிக்கு ராத்திரிக்கு எழுதினது. தழை தீந்து வருஷமாச்சு. இப்ப எது கெடக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று அத்தைக்குப் போன் போட்டேன். ஷெட்டை இந்த வருஷம் யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டார், மச்சான் பெங்களூரு போய்விட்டான். "ஒண்ணும் இல்லப்பா, துணிமணியெல்லாம் கருமாதியோட குடுத்தாச்சு, கட்டிலைக்கூட மாத்திட்டேன்" என்றார். சரிங்கத்தை என்று வைக்கப் போனேன். "இரு. அந்த ஓட்டு இடுக்குல பீடி டப்பா இருக்குது. பாதிக் கட்டு. ஷெட்டை எடுத்தவங்க தூக்கிப் போடறேன்னாங்க, நான்தான் இருக்கட்டும்னேன்" என்றார்.

கடைக்காரர் அதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு நாளில் வரி அனுப்புகிறேன் என்றவர் நாலாவது நாள்தான் அனுப்பினார். இரண்டே வரி. அதை இங்கே போடவில்லை, போட்டால் நாளைக்கே எவனாவது எடுத்துக்கொள்வான். ஐம்பது கார்டு 600 ரூபாய், இந்தத் தடவை வருஷத்தை நான் மூன்று முறை சரிபார்த்தேன். கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். செவ்வாய்க்கிழமை பகலில் கடை இருக்காது, ராத்திரி போன் போட்டால் எடுப்பார்.